கிளாரி தொப்பி வைத்த இடம்

எங்கள் கோயிலை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஐவி டன்ஸ்டன் கிழவிக்குப் புத்தி தடுமாறிவிட்டதாம், படிக்கட்டை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாளாம், லாரிக்காரனோடு மல்லுக்கு நின்றாளாம். நாற்காலி போட்டது உண்மை. மற்றதெல்லாம் வாய்க்கு வந்தது. நான் அவளுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரி. அவளுக்குப் பிரசவ வலி எடுத்த நாளிலிருந்து அவளை மண்ணில் இறக்கிய நாள்வரை கூட இருந்தவள். நான் சொல்கிறபடியே எழுது. நடுவில் அழகுபடுத்த வேண்டாம்.

கோயிலிலிருந்துதான் தொடங்கவேண்டும். அது முழுக்க மரம். சுவர் பலகை, தரை பலகை, கூரைக்கு மட்டும் தகரம். என் தாத்தா போன்ற மரவெட்டிகள் மேலே காட்டில் வெட்டிச் சாய்த்த மரங்களை மாடு பூட்டி இழுத்துவந்து, ஊர் ஆண்கள் கூடிக் கட்டியது. பிந்தாரி ஓடையோரத்துச் சமதரை எல்லாம் புல் கொழிக்கிற நிலம். அதை மாட்டுக்கு வைத்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத சரிவைக் கடவுளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களும் பெரிய பக்திமான்கள்தான். பக்தி வேறு, பால்மாடு வேறு.

சரிவில் கட்டடம் மட்டமாக நிற்கவேண்டுமே. அதனால் கீழே நட்ட மரக்கால்கள் ஒரே உயரமில்லை. வாசல் பக்கம் ஆள் குனிந்து நடக்கலாம். அப்படியே உள்ளே போகப் போக மண் ஏறிக்கொண்டே வரும். பீடத்துக்குக் கீழே போனால் வயிற்றால் ஊர்ந்தால்தான் உண்டு. ஒவ்வொரு காலின் தலையிலும் கறையான் ஏறாமலிருக்கத் தகரத் தொப்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் நாய்களெல்லாம் வாசல் பக்கத்து நிழலில் கிடக்கும். மேலே பாதிரியார் சமாதானத்தைப் பற்றிப் பேசும்போது கீழே கடிபிடி சண்டை நடக்கும். பலகை இடுக்கு வழியாகப் பெண்களின் கொண்டை ஊசி, பிள்ளைகளின் பொத்தான் எல்லாம் விழுந்துகொண்டே இருக்கும். விழுந்தது விழுந்ததுதான், யாரும் போய்த் தேடுவதில்லை. கடித்தால் ஆள் பிழைக்காத பழுப்புப் பாம்பு இருக்கும்.

ஐவி மெலிந்தவள். நாக்கு மட்டும் மெலியவில்லை. அவள் புருஷன் கிளாரி மலைபோல ஆள், கதவில் பக்கவாட்டில்தான் நுழைவான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் பாதி மாட்டிடம்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் கோயிலில் பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாடினேன். மரவெட்டி முகாமில் பிறந்தவளுக்கு எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று எப்படித் தெரியும்? பாட்டெல்லாம் மனப்பாடம். பக்கத்தில் நின்ற ஐவி பாட்டை நிறுத்தாமலே என் புத்தகத்தை வாங்கித் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப இன்னும் நல்லா கேக்குது" என்றாள். வெளியே போய் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா தங்கைக்கு மேல்.

பெரிய வெள்ளம் வந்த வருஷம் அவளுக்கு முதல் பிரசவம். ஓடை பாலத்தைத் தாண்டி ஓடியது. டாக்டர் அக்கரையில். நான் இடுப்பளவு தண்ணீரில் வேலியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கூரைத் தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அவள் கத்தியதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. பிள்ளை ஆண். முடி நிறைய இருந்தது. அழவில்லை. நான் முதுகைத் தடவினேன், காலைப் பிடித்துத் தூக்கினேன், வாயில் ஊதினேன். ஒன்றும் இல்லை.

கிளாரி வெண்ணெய் ஆலைப் பெட்டி ஒன்றைத் துடைத்துக் கொண்டுவந்தான். நல்ல பைன் பலகைப் பெட்டி. ஃபிளானல் துணியில் சுற்றி உள்ளே வைத்தோம். ஐவி பெட்டி ஓரத்தில் கைவைத்துக்கொண்டு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"இந்த மழையில போடாதே கிளாரி. அவன் மேல தண்ணி படக்கூடாது."

"படாது."

"சத்தியமா சொல்லு."

"படாது கண்ணு."

தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் பாதிரியார் பிளைத் குதிரையில் வந்தார். நல்ல மனிதர், ஆனால் விதியைத் தாண்டி அரை அடி வைக்கமாட்டார். வீட்டு முகப்பில் நின்றபடியே பேசினார். உள்ளே படுத்திருந்த ஐவிக்கும் கேட்டது.

"ஞானஸ்நானம் ஆகலையே கிளாரி. நான் ஜெபம் வாசிக்க முடியாது. கல்லறைத் தோட்டத்துலயும் இடம் சொல்ல முடியாது."

"அவன் மூச்சே விடலை ஐயா. எப்ப ஞானஸ்நானம் பண்றது?"

"அதைத்தானே நானும் சொல்றேன்."

கிளாரி கொஞ்ச நேரம் ஓடையைப் பார்த்தான். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றான். அவ்வளவுதான். அவர் குடித்துவிட்டுத்தான் போனார்.

அவர் போனதும் கிளாரி பெட்டியை ஒரு கையிலும் மண்வெட்டியை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினான். திரும்பி வந்தபோது சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சேறு. ஐவி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எங்கே?"

"கோயிலுக்குக் கீழே. சொட்டுத் தண்ணி இல்ல. மாவு மாதிரி காஞ்சு கிடக்கு மண்ணு."

"கோயிலுக்குக் கீழேன்னா எங்கே?"

கிளாரி பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். அவன் எதற்கும் நேரம் எடுப்பவன், அதனால் எனக்கு அப்போது வித்தியாசமாகத் தெரியவில்லை.

"பீடத்துக்கு நேர் கீழே" என்றான். "படுத்துக்கிட்டே தோண்டினேன்."

ஐவி அன்றைக்குத்தான் தூங்கினாள். பாதிரியார் தோட்டத்தில் இடம் தரமாட்டேன் என்றார், இவள் புருஷன் பீடத்தடியிலேயே இடம் பிடித்துக் கொடுத்துவிட்டான். அப்படி ஒரு பெருமை அவள் முகத்தில். விஷயம் எங்கள் மூன்று பேருக்குள் நின்றது.

அதற்கப்புறம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை.

கோயிலைத் துடைக்கிற வேலையை ஐவி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஊரில் முறை வைத்துச் செய்த வேலை அது. மற்றவர்கள் முறையையும் இவளே பிடுங்கிக்கொண்டாள். பீடத்துப் பக்கத்துப் பலகையை மண்டியிட்டு மெழுகு போட்டுத் தேய்ப்பாள். முகம் தெரியும் அதில். பூ வைத்தால் அவள் வைக்கிற பூதான். யாராவது பீடத்தருகே கனமாகக் காலை வைத்து நடந்தால், "மாட்டுக்கொட்டாய்னு நெனைச்சியா?" என்பாள். ஊரில் அவளைப் பீடத்து நாய் என்றுகூடச் சொன்னார்கள். அவள் காதிலும் விழுந்தது. "நாய் காவலுக்குத்தானே இருக்கு" என்றாள்.

ஞாயிறன்று முதல் பெஞ்சில் முதல் ஆள் அவள்தான். கிளாரியோ கடைசி பெஞ்சு, வாசலருகே, வடக்கு ஜன்னலோரம். தனியாக. எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு, தாத்தா உட்கார்ந்த இடத்தில் பேரன் உட்காருவான். புருஷன் ஒரு முனையில், பெண்டாட்டி ஒரு முனையில் என்றால் ஊர் சும்மா இருக்குமா? புகைபிடிக்க நழுவுவதற்குத்தான் அங்கே உட்காருகிறான் என்றார்கள். சண்டை என்றார்கள். நம்பிக்கை இல்லாதவன், பெண்டாட்டிக்குப் பயந்து வருகிறான் என்றார்கள்.

ஐவி அவனை விட்டுவைத்ததில்லை. கோயில் முடிந்து படியிறங்கும்போதே ஆரம்பிப்பாள்.

"முன்னாடி வந்து உட்காந்தா யாராவது கடிச்சுடுவாங்களா உன்னை?"

"அங்க காத்து வரும்."

"உன் பொண்டாட்டி இங்க இருக்கா."

"அங்கேர்ந்தே தெரியுறே. தொப்பி நல்லா இருந்தது."

"என் தொப்பியைப் பாக்கவா கோயிலுக்கு வர்றே?"

"வேற என்ன இருக்கு பாக்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துவிட்டோமே என்று இன்னும் கோபம் வரும்.

அவனுடைய தொப்பியும் ஒரு சண்டை. சுவரில் ஆணி வரிசை இருந்தது, எல்லா ஆண்களும் அதில்தான் மாட்டுவார்கள். கிளாரி மட்டும் தன் பூட்ஸுக்குப் பக்கத்தில், தரையில் வைப்பான். தலையில் இருக்கிற மாதிரியே, மெதுவாக. "நான் முழங்கால் தேயத் துடைச்ச தரையில அழுக்குத் தொப்பியைக் கொண்டுவந்து வைக்கிறான் பாரு" என்று என்னிடம் புலம்புவாள். ஒருமுறை பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் குடும்பம் தெரியாமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. கிளாரி வேறு இடம் போகவில்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் ஆராதனை முடியும்வரை நின்றான். வாத்தியார் மனைவி பாவம், வியர்த்துக் கொட்டினாள். அடுத்த வாரம் அவர்கள் நடுப் பெஞ்சுக்கு ஓடிவிட்டார்கள். ஐவி அந்த வாரம் முழுக்கக் கிளாரியோடு பேசவில்லை. அவனுக்கு வித்தியாசம் தெரிந்ததோ என்னவோ.

ஆனால் ஒரு வேலை தவறாமல் செய்தான். மழைக்காலம் முடிந்ததும் கோயிலுக்குக் கீழே போய்க் கறையான் பார்ப்பது. வேறு யாரையும் விடமாட்டான். வெளியே வந்ததும் ஐவி கேட்பாள், யாருக்கும் கேட்காமல்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

ஒரு வருஷம் ஐவி, நானும் வருகிறேன் என்று பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கிளம்பினாள். "பாம்பு கிடக்கு ஐவி, வேணாம்" என்று மறித்துக்கொண்டு நின்றான். அந்த உடம்பு மறித்தால் யார் தாண்டுவது? அவளும் விட்டுவிட்டாள். மண்ணைப் பார்ப்பதைவிடப் பளபளக்கிற பலகையைப் பார்ப்பதே நல்லது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

இன்னொன்று. அவன் ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையில் பை எப்போதும் கிழிந்திருக்கும். உள்ளே கூழாங்கல் கிடக்கும். எங்கள் ஓடையில் கிடைக்கிற வெள்ளைக் கல். "கோழிகூட இப்படிக் கல்லு பொறுக்காதுடி" என்று தைத்துக்கொண்டே திட்டுவாள். கேட்டால், அழகாக இருந்தது என்பான்.

ஒரு காலைக் கறவையில், பால் கொட்டகையிலேயே கிளாரி விழுந்தான். மாடுகள் அவனை மிதிக்காமல் சுற்றி நின்றன. யாரிடமும் ஒரு சொல் சொல்ல அவனுக்கு நேரமில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பானா தெரியாது. கீழே ஓடையோரத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். எல்லோரும் கேக்கும் சாண்ட்விச்சும் தின்றுவிட்டுப் போனபிறகு, கோயிலுக்குப் பக்கத்தில் தனியாக இருந்த கூடத்தில் தட்டுகளைக் கழுவும்போது ஐவி சொன்னாள்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினோம் எட்னா. கோயில்ல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் பக்கத்துல உட்காரல. அவனுக்கு அந்தப் பிள்ளை பக்கத்துல வரவே பிடிக்கல. பெத்தவ நான்தானே. அவனுக்கென்ன."

நான் தட்டைத் துடைத்தேன்.

கிளாரியின் தொப்பியை அவள் சமையலறை ஆணியில் மாட்டினாள். கடைசியில் அது ஆணிக்கு வந்து சேர்ந்தது.

பிறகு ஊர் காலியானதை நான் சொல்லவேண்டியதில்லை. வெண்ணெய் ஆலை மூடியது. பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின, வீடுகள் காலியாயின. வாராவாரம் நடந்த ஆராதனை மாதம் ஒருமுறை ஆனது, பிறகு ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் என்றானது. கடைசியில் நானும் ஐவியும் இன்னும் நாலைந்து பேரும். நான் இன்னமும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினேன், ஐவி இன்னமும் அதைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசி நாட்களில் வேண்டுமென்றேதான் தலைகீழாகப் பிடித்தேன். அவளுக்கு அது பிடித்திருந்தது.

கோயிலை விற்றாகிவிட்டது என்று நிர்வாகி ராஸ் பெட்டிகுரூ வந்து சொன்னான். கடற்கரையில் யாரோ ஒரு தம்பதி, கல்யாணம் நடத்திக்கொடுப்பது அவர்கள் தொழிலாம். பழைய மரக்கோயில் என்றால் படம் எடுக்க நன்றாக இருக்குமாம். நடுவே இரண்டாக அறுத்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்களாம். நிலம் பெட்டிகுரூ பண்ணைக்கே திரும்பும்.

"முடியாது" என்றாள் ஐவி.

"எது முடியாது ஐவி?"

"முடியாதுன்னா முடியாது."

"கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சும்மா. நானா ஆசைப்பட்டுச் செய்றேன்? எங்க அப்பனுக்கும் அங்கதான் ஞானஸ்நானம்."

"உங்க அப்பனை மேல வெச்சுக்கோ. எனக்கு என்ன."

அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அவள் நினைப்பெல்லாம் பலகைக்குக் கீழே. அன்று சாயங்காலமே என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். டீயைத் தொடவில்லை.

"கூரை போயிடும் எட்னா. மழை வந்தா நேரா அவன் மேலதான். அவங்க வர்றதுக்குள்ள அவனை எடுத்துக் கிளாரிகிட்ட வைக்கணும். பிடிக்குதோ பிடிக்கலையோ, அப்பன்தானே. வெச்சுக்கட்டும்."

இந்தக் காலத்துப் பாதிரியார் இளைஞர், ஐந்து ஊருக்கு ஒருவர். நான்தான் அவரிடம் பேசினேன். தோட்டத்தில் எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், நானே வந்து ஜெபம் சொல்கிறேன் என்றார். ஐவியிடம் வந்து சொன்னேன். "இவரு அன்னைக்கே பொறந்திருக்கலாம்" என்றாள்.

லாரிக்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள். தலைவன் பெயர் டாரில். கையெல்லாம் பச்சை குத்திய தடியன். இரும்பு உத்திரம், ஜாக்கி, ரம்பம் எல்லாம் இறக்கினான். ஐவி கிளாரியின் தொப்பியை வெயிலுக்குப் போட்டுக்கொண்டு, படிக்கட்டுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஊர் பார்த்ததும் பேசியதும் இந்தக் கட்டம்தான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி உட்காருங்க. மேல விழுந்துடப் போகுது."

"விழட்டும்."

"விழுந்தா எனக்குத்தான் வேலை கூடும்."

நான் அவனைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன். அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். பிறகு ஐவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "எந்த இடம்னு காட்டுங்கம்மா. நாங்களே எடுத்துத் தர்றோம்" என்றான்.

"பீடத்துக்கு நேர் கீழே."

அவன் ஆட்களில் ஒல்லியான ஒருவன் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனான். பீடத்தருகே நானும் ஐவியும் முழங்காலிட்டுப் பலகையில் காதை வைத்துக்கொண்டிருந்தோம். கீழே இரும்பு படுகிற சத்தம் கேட்டது. மண்ணில் படுகிற சத்தமில்லை அது. டங், டங் என்று. கொஞ்சம் தள்ளி மறுபடி டங். ஐவி என் கையைப் பிடித்திருந்தாள். பிடி இறுகிக்கொண்டே போனது.

டாரில் உள்ளே வந்தான். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"அம்மா, நாலு விரல்கடை மண்ணுதான் இருக்கு. கீழ முழுக்கப் பாறை. இங்க யாரும் எப்பவும் எதுவும் தோண்டியிருக்க முடியாது."

"நல்லா பாக்கச் சொல்லு."

"பாத்தாச்சும்மா. மரக்காலே பாறை மேலதான் நிக்குது."

ஐவி எழுந்திருக்கவில்லை. தான் ஆயுசெல்லாம் தேய்த்த பலகையைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் சாதாரணக் குரலில், கடையில் உப்பு இல்லை என்று சொல்கிறமாதிரி சொன்னாள்.

"அப்ப வெள்ளத்துலதான் விட்டிருக்கான்."

"ஐவி, அப்படிச் சொல்லாதே."

"வேற எங்க? அன்னைக்கு எல்லா இடமும் தண்ணி. பெட்டியோட ஓடையில விட்டுட்டு வந்து, காஞ்சிருக்கு காஞ்சிருக்குன்னு வருஷா வருஷம்..." அவள் பலகையிலிருந்து கையை எடுத்தாள். "இத்தனை நாளா நான் பாறைக்குப் பூ வெச்சிருக்கேன் எட்னா."

கிளாரி அப்படிச் செய்கிறவன் இல்லை என்றேன். நூறு தடவை சொன்னேன். செத்த கன்றுக்குட்டியைக்கூட ஓடையில் விடமாட்டான், தோண்டித்தான் புதைப்பான், உனக்குத் தெரியாதா என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளாரியின் தொப்பியைக் கழற்றி வாசலருகே ஒரு பெஞ்சில் வைத்துவிட்டு வெறுந்தலையோடு வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனாள். மறந்து வைக்கவில்லை. வைத்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் காலையில் நான் போய் அவளைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். நானும் போகமாட்டேன் என்று அவள் வீட்டு முகப்பிலேயே உட்கார்ந்தேன். பிடிவாதத்தில் நான் அவளுக்குக் குறைந்தவள் இல்லை. கடைசியில், "நீ உட்காந்திருக்கறதைப் பாக்கச் சகிக்கலை" என்று திட்டிக்கொண்டே வந்தாள். நாங்கள் மேடேறும்போது கோயிலை நடுவில் அறுத்து முடித்திருந்தார்கள். வாசல் பக்கத்துப் பாதியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே லாரியை விட்டு, அங்குலம் அங்குலமாக இழுத்தார்கள். பலகைகள் முனகின. இழுக்க இழுக்க, அடியில் இருந்த நிலத்தில் வெயில் விழுந்துகொண்டே வந்தது.

சுற்றிலும் புல். நடுவே சதுரம் வெட்டிய மாதிரி வெறும் தூசி, மாவுபோல. கோயில் கட்டினதிலிருந்து ஒரு சொட்டு மழை விழாத மண். கொண்டை ஊசிகள் துருப்பிடித்துக் கிடந்தன. பொத்தான்கள், நாய் கடித்த எலும்பு, ஒரு பொம்மையின் கை.

"கீழ வராதீங்க" என்று கத்திக்கொண்டிருந்த டாரில் சட்டென்று நிறுத்தினான். ஓரமாக ஒரு மரக்காலின் குழிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான்.

"அம்மா, இங்க வாங்க."

வெள்ளைக் கூழாங்கற்கள். சும்மா சிதறிக் கிடக்கவில்லை. சின்னதாக, ஒரு வெண்ணெய்ப் பெட்டி நீளத்துக்கு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே மேலே அடுக்கி, ஒரு சின்ன மேடு. அடியில் இருந்த கற்கள் தூசியில் பழுப்பாகிவிட்டன. மேலே இருந்தவை இன்னும் வெள்ளை.

ஐவி கிட்டே போய் நின்றாள்.

"இதுக்கு மேல என்ன இருந்தது?" என்று டாரில் என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"கடைசி பெஞ்சு" என்றேன். "வடக்கு ஜன்னலோரம்."

"பெஞ்சு இல்ல" என்றாள் ஐவி. "பெஞ்சு அந்தப் பக்கம். இது அவன் தொப்பி வெக்கிற இடம்."

அதைச் சொல்லிவிட்டு அப்படியே தூசியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பயந்துபோய்ப் பிடித்தேன். அவள் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

இப்போது யோசித்தால் எல்லாம் தெரிகிறது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவன் பீடத்துக்குக் கீழே நுழைந்திருக்கவே முடியாது. முயன்று பார்த்திருப்பான். சட்டையின் முன்பக்கச் சேறு அதுதான். முடியாமல், குனிந்து நின்றாவது தோண்டக்கூடிய வாசல் பக்கத்துக்கு வந்து புதைத்திருப்பான். நாய்கள் படுக்கிற இடம், எல்லோரும் காலைத் தட்டி உள்ளே வருகிற இடம். படுக்கையில் கிடக்கிறவளிடம் அதை எப்படிச் சொல்வான்? ஒரு சொல் சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். திரும்ப எடுக்கமுடியவில்லை. அவன் சொல்லியிருக்கவேண்டும் என்று ராஸ் இப்போதும் வாதாடுகிறான். சொல்லட்டும். நான் கிளாரி சொன்ன பொய்யைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பொய்க்கு அவன் ஆயுசுபூராவும் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்காரவேண்டியிருந்தது, இவள் தனியாக முதல் பெஞ்சில் உட்காரவேண்டியிருந்தது. அது என் நெஞ்சைவிட்டுப் போகவில்லை.

டாரில்தான் தோண்டினான், கையாலேயே. பெட்டி மக்கிப்போயிருந்தது. ஆணிகள் இருந்தன. ஃபிளானல் துணியின் விளிம்பு கொஞ்சம். மற்றதைச் சொல்லமாட்டேன். கோயில் கூடத்திலிருந்த பெரிய கேக் டப்பாவை நான் போய் எடுத்துவந்தேன். கையில் கிடைத்தது அதுதான். ஐவி தன் கழுத்துத் துணியை அதில் விரித்தாள். அவள்தான் தூக்கிக்கொண்டு நடந்தாள். டாரிலின் ஆட்கள் ரம்பத்தை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கள் பின்னால் கல்லறைத் தோட்டம்வரை வந்தார்கள். அவர்களுக்கு அன்று பாதி நாள் வேலை போனது.

இளம் பாதிரியார் வந்து ஜெபம் வாசித்தார். பெயர் என்ன என்று கேட்டார். எனக்கே அதுவரை தெரியாது. ஐவி யாரையும் பார்க்காமல், "கிளாரென்ஸ்" என்றாள். அது கிளாரியின் முழுப்பெயர்.

எல்லோரும் போனபிறகு அவள் கிளாரியோடு பேசினாள். நான் தள்ளித்தான் நின்றேன், ஆனாலும் கேட்டது.

"முட்டாளே. சொல்லியிருந்தா நானும் பின்னாடி வந்து உட்காந்திருப்பேனே. நாய் நாத்தம் அடிச்சா அடிச்சிட்டுப் போகுது." கொஞ்ச நேரம் கழித்து, "உன் தொப்பியை நேத்து பெஞ்சுல விட்டுட்டுப் போயிட்டேன். கோவிச்சுக்காதே" என்றாள்.

தொப்பி கிடைக்கவில்லை. நாங்கள் பெஞ்சில் தேடினோம், லாரியில் தேடினோம். வாசல் பக்கத்துப் பாதியோடு கடற்கரைக்குப் போயிருக்கும். யாரோ கல்யாண மாப்பிள்ளை தலையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

கோயில் போன அந்த வாரத்திலேயே மழை பிடித்தது. ஐவி வீட்டில் இல்லை என்று பார்த்துவிட்டு, எங்கே போயிருப்பாள் என்று தெரிந்து மேடேறினேன். குடையில்லாமல் அந்த வெறும் சதுரத்தின் ஓரத்தில், கடைசி பெஞ்சு இருந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். தூசியில் முதல் துளிகள் விழுந்து சின்னச் சின்னக் குழிகளாக வெடித்தன. வாசனை கிளம்பியது.

"நனையுதே ஐவி, வா."

"நனையட்டும். இப்ப இங்க யாரும் இல்ல."

நான் குடையை அவள் தலைமேல் பிடித்தேன். அவள் தள்ளிவிட்டாள். கீழே ஓடையோரம், கல்லறைத் தோட்டத்தின் மேலும் மழை சாம்பலாக இறங்குவது தெரிந்தது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை நனையுமே என்று அவள் கேட்டுவிடுவாளோ எனப் பயந்துகொண்டே நான் நின்றேன். அவளே சொன்னாள்.

"கிளாரி அகலமான ஆளு. அவன் மறைச்சுக்குவான்."

அந்தக் குளிர்காலத்தில் ஐவி போய்ச் சேர்ந்தாள். கிளாரிக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் அவள். பக்கத்தில் பக்கத்தில்தான்.